குடியை விட்டபின் துணைக்கு நிற்கும் மாத்திரைகள்: குடித்தவருக்கும் குடும்பத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

"அவருக்குத் தெரியாம குழம்புல கலந்து குடுக்க ஒரு மாத்திரை இருக்காமே, அதை எழுதித் தாங்க டாக்டர்." மனநலப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எந்த மருத்துவரும் இந்த வேண்டுகோளைக் கேட்காமல் ஒரு மாதத்தைக் கடத்த முடியாது. கேட்பவர் பெரும்பாலும் மனைவி, சில நேரம் அம்மா. கோயிலில் கயிறு கட்டியாயிற்று, மாலை போட வைத்தாயிற்று, இணைய விளம்பரத்தைப் பார்த்து ஏதோ ஒரு பொடியும் வாங்கிப் பார்த்தாயிற்று. எதுவும் நிற்காமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரி.

மாத்திரை உண்டு. ஒன்றல்ல, நான்கைந்து உண்டு. ஆனால் எதுவுமே திருட்டுத்தனமாகக் கொடுப்பதற்கானது அல்ல. குடித்தவருக்குத் தெரிந்து, அவர் ஒத்துக்கொண்டு, வீட்டில் ஒருவர் பார்த்திருக்க விழுங்கும்போதுதான் அவற்றால் பலன்.

டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருந்து என்று ஒன்று இருப்பதே மற்றவர்களில் பலருக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குடிநோய்க்கென நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இரண்டையும் சேர்த்ததே 2023இல்தான்.

இங்கே சொல்லும் அளவுகள், மருத்துவர் எழுதிய சீட்டை நீங்கள் புரிந்துகொள்வதற்காக. சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் போய்க் கேட்பதற்காக அல்ல.

படி 1: கலந்து கொடுக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள்

குழம்பில் கலக்கச் சொல்லி ஊரெல்லாம் பேசும் அந்த மாத்திரையின் பெயர் டைசல்ஃபிரம். இது குடிக்கும் ஆசையைக் குறைக்காது. உள்ளே போன சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளாக மாற்றும். பிறகு இன்னொரு நொதி அதை உடைத்து அகற்றும். அந்த இரண்டாவது நொதியை டைசல்ஃபிரம் முடக்கிவிடுகிறது. இதைச் சாப்பிட்டவர் குடித்தால் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் முகம் சிவந்து சூடேறும், நெஞ்சு படபடக்கும், தலை வெடிப்பதுபோல வலிக்கும், வாந்தி பிடுங்கும், இரத்த அழுத்தம் சரியும். சிலருக்கு இது ஒரு மணி நேரத்தில் அடங்கும், சிலருக்குப் பல மணி நேரம் நீளும். இதயக் கோளாறு உள்ளவருக்கு உயிரே போகலாம்.

இப்போது ஒரு நாள் சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். மதியச் சாப்பாட்டில் மனைவி கலந்துவிட்டார். கணவருக்கு எதுவும் தெரியாது. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு வழக்கமான குவாட்டர். பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுகிறார். தூக்கிப் போனவர்களுக்கும் தெரியாது, அவசரப் பிரிவு மருத்துவருக்கும் தெரியாது. மாரடைப்பா, கள்ளச்சாராயமா என்று தேடிக்கொண்டிருப்பார்கள். பிழைத்து வந்து, உண்மை தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் ஒரு வாய் காபிகூடச் சந்தேகப்படாமல் குடிக்க மாட்டார். பின்னாளில் நல்ல மருந்தை மருத்துவரே எழுதிக் கொடுத்தாலும் தொட மாட்டார்.

ஒருவருக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது சட்டப்படியும் தவறு. "தெரியாமல் கொடுக்கலாம்" என்று விற்கும் பொடிகளைப் பற்றி ஒரே வரி போதும்: உள்ளே என்ன இருக்கிறது என்று உறையில் தெளிவாக எழுதாத எதையும் கெட்டுப்போன கல்லீரலுக்குள் அனுப்பாதீர்கள்.

படி 2: முதலில் குடியிலிருந்து பத்திரமாக இறங்குங்கள்

குடியை நிறுத்தியபின் மறுபடி விழாமல் தடுக்கும் மருந்துகள் வேறு. நிறுத்தும் அந்த முதல் வாரத்துக்கான மருந்துகள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பெரிய ஆபத்துகள் வருகின்றன.

தினமும் குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால், கடைசி மடக்குக்குப் பின் 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரைக்குள் சிலருக்கு மனக்குழப்பம் முற்றி, சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ அடிக்க வருவதாகவும் தோன்றும். இதைப் பேய் பிடித்ததாக நினைத்துப் பூசாரியிடம் அழைத்துப் போகும் குடும்பங்கள் இன்றும் உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகும் நிலை இது. மாலை போட்ட அன்றே நிறுத்துகிறேன் என்று மொத்தமாக நிறுத்தி மூன்றாம் நாள் வலிப்போடு வருபவர்கள் கார்த்திகை மாதத்தில் கூடுதல். பக்தியின் மேல் பழி இல்லை, நிறுத்திய விதம்தான் தவறு.

முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்தவர், காலையில் கண் விழித்ததும் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மஞ்சள் காமாலை உள்ளவர், வீட்டில் கூட இருக்க ஆளில்லாதவர்: இவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கித்தான் நிறுத்த வேண்டும். அங்கே குளோர்டயசெபாக்சைடு அல்லது டயசெபாம் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கல்லீரல் மோசமாக இருந்தால் லோரசெபாம் கொடுப்பார்கள்.

கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாகப் போடுவார்கள். குடிநோயாளிக்கு இது உடம்பில் வறண்டு கிடக்கும். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நடை தள்ளாடி, கண் பார்வை குழம்பி, ஞாபகம் நிரந்தரமாகப் போகும் அபாயம் உண்டு. "சோர்வா இருக்காரு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க" என்று பக்கத்து கிளினிக்கில் கேட்கும் வழக்கம் நம் ஊரில் அதிகம். குடிப்பவர் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.

டயசெபாம், குளோர்டயசெபாக்சைடு மாத்திரைகள் அந்த ஒரு வாரம், பத்து நாளோடு முடிய வேண்டும். "இதைப் போட்டா நல்லா தூக்கம் வருது" என்று பழைய சீட்டை வைத்து மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர் குடியை விட்டு மாத்திரைக்கு அடிமையாகிறார், அவ்வளவுதான். அதோடு குடிக்கவும் செய்தால் மூச்சே நின்றுபோகலாம்.

படி 3: மருத்துவரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்

எந்த மாத்திரை என்பதைப் பெரும்பாலும் கல்லீரலும் சிறுநீரகமும்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே கல்லீரல் பரிசோதனை (பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.), கிரியேட்டினின், சர்க்கரை, இ.சி.ஜி. ஆகியவற்றை எடுக்கச் சொல்வார்கள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு.

இவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: வலிப்பு வந்திருக்கிறதா, நெஞ்சுவலி உண்டா, காசநோய் மாத்திரை சாப்பிடுகிறாரா, தற்கொலை முயற்சி செய்திருக்கிறாரா, காதில் குரல் கேட்பதுபோன்ற தொல்லை உண்டா, மூட்டுவலிக்கோ முதுகுவலிக்கோ டிரமடால் போன்ற மாத்திரை போடுகிறாரா, கோடீன் கலந்த இருமல் மருந்து குடிக்கிறாரா. கடைசி இரண்டும் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் இரண்டும் அபின் வகை மருந்துகள். நால்ட்ரெக்ஸோன் எழுதலாமா கூடாதா என்பதே அதில்தான் நிற்கிறது.

படி 4: எந்த மருந்து யாருக்கு

*நால்ட்ரெக்ஸோன்.* சாராயம் உள்ளே போனால் மூளையில் சுரக்கும் இயற்கையான இன்பச் சுரப்புகள் உட்காரும் இருக்கைகளை இது அடைத்துவிடுகிறது. குடித்தால் வாந்தி வராது, மயக்கம் வராது. ஆனால் முதல் பெக்கில் கிடைக்கும் அந்தக் "கிக்" மங்கிவிடும். ஒன்று குடித்தால் நான்கில் போய் நிற்கும் ஆளுக்கு, இரண்டாவதை நோக்கிக் கை நீளும் வேகம் குறைகிறது. அமெரிக்காவில் 1994இல் குடிநோய்க்கு அனுமதி பெற்றது. வழக்கமான அளவு நாளுக்கு 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. முதல் சில நாள் பாதி மாத்திரையில் தொடங்கி, சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது. அமெரிக்காவில் 2006 முதல் மாதம் ஒருமுறை போடும் 380 மில்லிகிராம் ஊசியும் உண்டு.

இதன் நல்ல குணம், முழுதாகக் குடியை நிறுத்தும் முன்பே தொடங்கலாம் என்பது. குறைத்துப் பார்க்கிறேன், நிறுத்துவேனா தெரியாது என்று சொல்பவருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் கடுமையான கல்லீரல் அழற்சியிலும் கல்லீரல் செயலிழந்த நிலையிலும் கூடாது. அபின் வகை வலிமருந்தோ போதையோ எடுப்பவர் 7 முதல் 10 நாள் அதை நிறுத்தியிருக்க வேண்டும்; இல்லையென்றால் கடுமையான விலகல் நோய், அதாவது போதை திடீரென்று அறுபடுவதால் வரும் உடல் வேதனை, உடனே வந்து தாக்கும். நால்ட்ரெக்ஸோன் சாப்பிடும் ஒருவருக்கு விபத்தில் எலும்பு முறிந்தால் மார்ஃபின் வகை வலிமருந்து சரிவர வேலை செய்யாது. அதனால் பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

*அகாம்ப்ரோசேட்.* குடியை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் சிலருக்கு உள்ளே ஒரு படபடப்பு, தூக்கம் பிடிக்காமை, காரணமில்லாத எரிச்சல் இருந்துகொண்டே இருக்கும். குடியால் வருடக்கணக்கில் நிலைகுலைந்த மூளையின் சமநிலை திரும்ப நேரமாகிறது. அந்த இடைவெளியில் இந்த மருந்து கைகொடுக்கிறது. 1989 முதல் பிரான்ஸிலும், 2004 முதல் அமெரிக்காவிலும் புழக்கத்தில் உள்ளது. 333 மில்லிகிராம் மாத்திரை, வேளைக்கு இரண்டு வீதம் மூன்று வேளை. ஆமாம், நாளுக்கு ஆறு மாத்திரை. இதுதான் இதன் பெரிய தொல்லை. மதிய வேளை மாத்திரையைக் கட்டட வேலைக்குப் போகிறவரும் லாரி ஓட்டுகிறவரும் மறந்துவிடுவார்கள். சோற்று டப்பாவுக்குள்ளேயே இரண்டைச் சுற்றி வைத்துவிடுங்கள். உடைக்கவோ பொடிக்கவோ கூடாது.

இது கல்லீரல் வழியாகப் போவதில்லை, சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. அதனால் கல்லீரல் ஓரளவு கெட்டவருக்குப் பொருந்தும். சிறுநீரகம் கெட்டவருக்கு அளவைப் பாதியாக்க வேண்டும், மிகவும் கெட்டிருந்தால் கூடவே கூடாது. வயிற்றுப்போக்கு வரலாம், பெரும்பாலும் தானாக அடங்கும்.

இந்த இரண்டும் எவ்வளவு பலன் தரும்? 118 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2023இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த கணக்கு இது: வெற்று மாத்திரையோடு (உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை) ஒப்பிட்டால், அகாம்ப்ரோசேட் 11 பேருக்குக் கொடுத்தால் ஒருவர் கூடுதலாக மீண்டும் குடிக்காமல் தப்புகிறார். நால்ட்ரெக்ஸோன் மாத்திரைக்கு அந்த எண் 18; ஆனால் மிதமிஞ்சிய குடிக்குத் திரும்புவதைத் தடுப்பதில் அதுவே 11. கேட்க அற்பமாகத் தோன்றலாம். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் நாம் கேள்வி கேட்காமல் விழுங்கும் பல மாத்திரைகளின் கணக்கு இதைவிட மெலிந்தது. முற்றாக நிறுத்த முடிவு செய்தவருக்கு அகாம்ப்ரோசேட், அவ்வப்போது வழுக்குகிறவருக்கு நால்ட்ரெக்ஸோன் என்று ஒரு தோராயக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

*டைசல்ஃபிரம்.* மூத்த மருந்து இதுதான். ரப்பர் தொழிலில் பயன்பட்ட வேதிப்பொருள். அந்தத் தொழிலாளர்களால் குடிக்க முடியாமல் போவதை 1937இலேயே ஒரு ஆலை மருத்துவர் எழுதி வைத்தார். குடற்புழுவுக்கு மருந்தாகுமா என்று கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர் தாங்களே விழுங்கிப் பார்க்க, கொஞ்சம் குடித்ததும் உடம்பு கலங்கியது. 1948இல் அதைக் குடிநோய் மருந்தாக உலகுக்கு அறிவித்தார்கள்.

இதன் வரலாற்றில் இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. 1986இல் அமெரிக்காவில் 605 முன்னாள் படைவீரர்களிடம் நடந்த ஆய்வில், டைசல்ஃபிரம் பெற்றவர்கள் குடியை முற்றாக விட்டு நிற்பதில் மற்றவர்களைவிட மேலாக இல்லை. 2004இல் வெளியான மும்பை ஆய்வில் 100 ஆண்கள். ஒரு வருட முடிவில் டைசல்ஃபிரம் பிரிவில் 86 சதவீதம் பேரும், நால்ட்ரெக்ஸோன் பிரிவில் 44 சதவீதம் பேரும் குடிக்காமல் இருந்தார்கள். மும்பையில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாம் வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் உள்ளவர்கள். யார் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியும்; அதனால் அந்த 86ஐ அப்படியே நம்பிவிட வேண்டாம். இருந்தாலும் குறிப்பு புரிகிறது. டைசல்ஃபிரத்தின் வேலையில் பாதி, "நான் இதைப் போட்டிருக்கிறேன், குடித்தால் தொலைந்தேன்" என்ற நினைப்பு. தெரியாமல் கொடுத்தால் அந்த நினைப்பே இல்லை; மிஞ்சுவது நஞ்சு மட்டும்.

அளவு வழக்கமாக நாளுக்கு 250 மில்லிகிராம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழியாமல் தொடங்கவே கூடாது. பெரும்பாலான மருத்துவர்கள் இன்னும் நீண்ட இடைவெளி விடுவார்கள். இதய நோய், மனச்சிதைவு, கர்ப்பம் உள்ளவர்களுக்குக் கூடாது. சர்க்கரை, வலிப்பு உள்ளவர்களுக்கு மிகுந்த யோசனைக்குப் பிறகே. அரிதாகக் கல்லீரலைத் திடீரென்று தாக்கும். அதனால் தொடங்கி இரண்டு வாரத்தில் ஒருமுறையும், பிறகு அவ்வப்போதும் கல்லீரல் பரிசோதனை வேண்டும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ கண் மஞ்சளானாலோ அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடுங்கள். கால் மரத்துப்போவதும், வாயில் பூண்டோ உலோகமோ தின்றதுபோன்ற சுவையும் சிலருக்கு வரும்.

வயிற்றுப்போக்குக்கு நம் ஊரில் தண்ணீர்போலக் குடிக்கும் மெட்ரோனிடசோலை இதோடு சேர்க்கவே கூடாது, சித்தம் கலங்கிப்போகும். காசநோய்க்கான ஐசோனியசிட், வலிப்புக்கான பெனிடாயின், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றோடும் மோதும்.

*மற்றவை.* கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு டைசல்ஃபிரமும் நால்ட்ரெக்ஸோனும் தயக்கம் தரும். அங்கே தசை இறுக்கத்துக்கான பழைய மாத்திரையான பேக்லோஃபென் வருகிறது. இத்தாலியில் நடந்து 2007இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், கல்லீரல் சுருக்க நோய் உள்ள 84 பேரில் பேக்லோஃபென் பெற்றவர்களில் 71 சதவீதமும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 29 சதவீதமும் குடிக்காமல் இருந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. தூக்கக் கலக்கம் தரும், சிறுநீரகம் கெட்டவருக்கு ஆபத்து, சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம். டோபிரமேட், கபாபென்டின் ஆகியவற்றையும் சில மருத்துவர்கள் எழுதுவார்கள்; முதல் வரிசை ஒத்துவராதபோது.

படி 5: தினமும் விழுங்குவதை ஒரு வழக்கமாக்குங்கள்

சீட்டு எழுதி வாங்குவது சுலபம். மூன்றாவது வாரத்தில்தான் கோளாறு. உடம்பு தேறி, சோறு இறங்கி, முகத்தில் தெளிவு வந்ததும் "இனி எதுக்கு மாத்திரை" என்பார்.

டைசல்ஃபிரமுக்கு ஒரு நல்ல முறை உண்டு. காலையில் பல் துலக்கி, காபி குடிக்கும் முன். அரை டம்ளர் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு, கரைந்து உதிரும்வரை காத்திருந்து, கலக்கி அவரே எடுத்துக் குடிக்கிறார். அடியில் தங்கிய பொடியையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடிக்கிறார். மாத்திரையாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி, கொல்லைப்புறம் போய்த் துப்பிவிட வழியுண்டு. கரைத்தால் அந்தச் சந்தேகமே இல்லை. பிறகு தினசரிக் காலண்டர் தாளில் ஒரு குறி. மனைவி சொல்ல வேண்டியது, "சரிங்க, போட்டாச்சு" என்பது மட்டும். போன தீபாவளிக்குப் போட்ட சண்டை, அடகில் இருக்கும் வளையல், மாமனார் வீட்டில் நடந்த அவமானம், எதையும் அந்த இரண்டு நிமிடத்தில் எடுக்கக் கூடாது. அவர் அந்த டம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு மாத்திரையின் கசப்பைவிட அந்தப் பேச்சுதான் காரணமாக இருக்கும்.

இந்த ஏற்பாட்டை மருத்துவர் முன்னிலையிலேயே பேசி முடித்துவிடுவது மேல்: யார் பார்ப்பது, எத்தனை மணிக்கு, ஒருநாள் மறுத்தால் யாரிடம் சொல்வது. மனைவி பார்ப்பதில் மானப் பிரச்சினை என்றால் அண்ணன், நண்பர், வேலை செய்யும் இடத்து மேஸ்திரி என்று அவரே ஒருவரைச் சொல்லட்டும். பிள்ளைகளை மட்டும் இந்தக் காவலுக்கு நிறுத்தாதீர்கள்.

டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவருக்கு ஒளிந்திருக்கும் சாராயமும் எதிரி. தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் ஆசவங்களிலும் புளிப்பதால் உண்டாகும் சாராயம் இருக்கிறது. சில இருமல் மருந்துகள், ஹோமியோபதிச் சொட்டுமருந்துகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள், கிறிஸ்துமஸ் பிளம் கேக், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் நேரமாகிப் புளித்த பதநீர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சவரத்துக்குப் பின் பூசும் திரவத்தையும் கை சுத்திகரிப்பானையும் தவிர்ப்பது பாதுகாப்பு.

பர்ஸில் வைக்கும் சீட்டு இப்படி இருக்கலாம்: "நான் டைசல்ஃபிரம் 250 மில்லிகிராம் தினமும் சாப்பிடுகிறேன். மயங்கிக் கிடந்தால் உடனே 108ஐ அழைக்கவும். மருத்துவமனையில் இந்தச் சீட்டைக் காட்டவும்." கீழே வீட்டு எண். நால்ட்ரெக்ஸோன் என்றால் "அபின் வகை வலிமருந்து என்மேல் சரிவர வேலை செய்யாது" என்ற வரியையும் சேர்க்க வேண்டும்.

ஆண்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இதைப் போட்டால் ஆண்மை போய்விடுமா? டைசல்ஃபிரமில் சிலருக்கு அந்தக் குறை வருவதுண்டு, மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றலாம். ஆனால் வருடக்கணக்கான குடி அதைவிட எத்தனையோ மடங்கு அதிகமாக அதைக் கெடுத்திருக்கும். பலருக்கு விட்ட சில மாதத்தில் நிலைமை தேறுகிறது.

படி 6: ஆபத்தான நாட்களை முன்கூட்டியே குறித்துவையுங்கள்

சம்பள நாள், தீபாவளி, பொங்கல், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், தேர்தல் காலம். எல்லாவற்றையும்விட மோசமானது துக்க வீடு. அங்கே "ஒரு கட்டிங் போடுப்பா, மனசு ஆறும்" என்று ஊற்றிக் கொடுப்பதையே மரியாதை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்திவைக்கும் தந்திரமும் நடக்கும். டைசல்ஃபிரத்தைப் பொறுத்தவரை அது பலிக்காது: கடைசி மாத்திரைக்குப் பின் 14 நாள் வரை குடித்தால் எதிர்வினை வரலாம். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் நிறுத்தியவர் பந்திக்கு முன்பே ஆம்புலன்ஸில் போவார். இதை முதல் நாளே அவரிடம் சொல்லிவையுங்கள்.

படி 7: வழுக்கிவிட்டால்

வழுக்குவது இந்த நோயின் சுபாவம். அன்றைக்கு என்ன செய்வது என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் சாப்பிடுகிறவர் குடித்துவிட்டால், "குடிச்சாச்சு, இனி மாத்திரை எதுக்கு" என்று நிறுத்த வேண்டாம். தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். டைசல்ஃபிரம் என்றால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், நிற்காத வாந்தி இருந்தால் 108. பேக்லோஃபென் போட்டுக் குடித்தவர் எழுப்பினாலும் எழாமல் தூங்கினால் அதுவும் 108தான்.

ஒருநாள் வழுக்கியதை மறைக்க வைக்காத வீடு வேண்டும். சொன்னால் கூச்சல், சொல்லாவிட்டால் அமைதி என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 8: எங்கே போவது

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. குடிநோய் அவர்கள் வேலையின் ஒரு பகுதி. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தையும் சேர்த்து உட்காரவைத்துச் சிகிச்சை தருவதில் நாட்டுக்கே முன்னோடி. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸிலும் குடிநோய்க்கெனத் தனி மையம் உண்டு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416.

தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள். வண்டி அனுப்பி நாலு பேர் தூக்கிக்கொண்டு போகும் இடம், மூன்று மாதம் பார்க்க விடாத இடம், மருத்துவர் யார் என்று பெயர் சொல்லாத இடம், இவற்றில் விடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியால் வரும் மனநலக் கோளாறையும் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. அங்கே அடைபட்டவருக்கும் உரிமைகள் உண்டு. சிகிச்சை என்ற பெயரில் அடிப்பது குற்றம்.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டங்களுக்குப் போகிறவர்களில் சிலர் "மாத்திரை போட்டு விடுறது விடுறதே இல்ல" என்பார்கள். அதைக் காதில் வாங்க வேண்டாம். கூட்டமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும் என்று இரண்டையும் பிடித்துக்கொண்டு கரையேறியவர்கள் நிறைய.

படி 9: எத்தனை நாள், எப்படி நிறுத்துவது

குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஒரு வருடம். அதற்குமேல் தொடர்வது, ஆபத்தான நாட்கள் ஒரு சுற்று எப்படிக் கழிந்தன என்பதைப் பொறுத்தது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இரண்டையும் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை; அவற்றுக்கு அடிமையாவதும் இல்லை. பேக்லோஃபெனை மட்டும் வாரக்கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். டைசல்ஃபிரத்தை நிறுத்தினாலும் அந்த 14 நாள் கணக்கும், பர்ஸில் உள்ள சீட்டும் கூடவே இருக்கட்டும்.

நிறுத்தும் தேதியைப் பண்டிகைக்கு முன்னால் வைக்காதீர்கள். ஐப்பசியில் யோசித்தால் தீபாவளி கழியட்டும். மார்கழியில் யோசித்தால் பொங்கலும் கழிந்து, தை பாதியில் மருத்துவரைப் பார்த்துப் பேசுங்கள். மாத்திரை நின்ற பிறகும் முதல் மூன்று மாதம் மாதாமாதம் அதே மருத்துவரிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். பழைய ஆசை மறுபடி எட்டிப் பார்த்தால், முதல் குவாட்டர் வரைக்கும் காத்திருக்காமல் அன்றே மருந்தைத் திரும்பத் தொடங்கலாமா என்று கேட்க அதுதான் இடம்.